உள்ளூர்த் திட்டத்துக்கு எங்கள் செந்தூல் அடுக்குமாடி கொடுத்த மனு

எதிர்நிலத்தில் மேம்பாட்டு அறிவிப்புப் பலகை எழும்பிய பிறகு கையெழுத்து வாங்க ஓடுவதுதான் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வட்டாரத்து வழக்கம். அந்த நிலத்தில் வீடா, கடையா, எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்பே வரைபடத்தில் ஏறியிருக்கும். அதனால்தான் 2024 தொடக்கத்தில் கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வந்ததும், அடுக்குமாடிக்காரர்கள் சிலர் சேர்ந்து மனு எழுத உட்கார்ந்தோம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இரண்டு ஆவணங்கள். 2023-இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2040 கொள்கையைச் சொல்கிறது: 2040-க்குள் பயணங்களில் 70 விழுக்காடு பொதுப் போக்குவரத்தில் நடக்க வேண்டும், ரயில் நிலையங்களைச் சுற்றி அடர்த்தி கூடலாம், என்று. உள்ளூர்த் திட்டம், நம் தமிழர்களும் மலாயில் பெலான் தெம்பத்தான் என்றே சொல்வது, அந்தக் கொள்கையை ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது நிலத் துண்டுக்கும், அதன் பயன்பாட்டைக் காட்டும் நிறமாகவும் பிளாட் ரேஷியோவாகவும் (நிலப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) இறக்குகிறது. செந்தூலில் கேடிஎம் ரயில் உண்டு, எல்ஆர்டி இலகு ரயில் உண்டு, 2023 மார்ச்சிலிருந்து செந்தூல் பாராட்டில் எம்ஆர்டி பெருவிரைவு ரயிலும் உண்டு. ஆக எங்களைச் சுற்றி உயரக் கட்டடங்கள் வருவதற்கான காரணம் கொள்கையிலேயே இருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் எழுதி வந்த கடிதம் "எங்களுக்குக் கொண்டோ வேண்டாம்" என்று தொடங்கியது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வேண்டாம் என்பதற்கு வரைபடத்தில் இடம் கிடையாது. அதனால் கட்டமைப்புத் திட்டத்தின் கொள்கையையே கையில் எடுத்தோம். மக்கள் காரை விட்டு ரயிலுக்கு வர வேண்டுமென்றால் நிலையத்துக்கு நடந்து போகப் பாதை வேண்டும். எங்கள் பக்கத்தில் அது பாதியில் அறுந்து நிற்கிறது. அந்த இடத்தைப் படம் பிடித்து, வரைவு வரைபடத்தின் நகலில் சிவப்பு மையால் கோடு போட்டு, லாட் எண்ணோடு இணைத்தோம். பிள்ளைகள் பந்தடிக்கும் சிறு பாடாங்கைப் பொதுத் திடலாகவே வைத்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. இரண்டோடு நிறுத்திக்கொண்டோம்.

மனு கொடுத்தவர்களின் பேச்சைக் கேட்கும் விசாரணைக்கு மாநகர் மன்றத்தில் கூப்பிட்டார்கள். பேச்சு மலாயில், நேரம் சில நிமிடங்களே. "சரியாக எந்த இடம்?" என்பதே குழுவின் முதல் கேள்வி. சிவப்புக் கோட்டைக் காட்டியதும் எல்லாரும் தாளைப் பார்த்துக் குனிந்தார்கள். எங்களோடு வந்த நான்காம் மாடி ஆன்ட்டி, காலையில் எல்ஆர்டிக்குப் போகும்போது லாரி ஓடும் சாலை ஓரமாக எப்படி நடக்கிறார் என்று தன் மலாயிலேயே சொன்னார். நாங்கள் எழுதிய பக்கங்களைவிட அது அதிகம் எடுபட்டது என்றே நினைக்கிறேன்.

இறுதித் திட்டம் 2025 ஜூன் 11 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வரைபடத்தில் எங்கள் பாடாங் திடலுக்குரிய பச்சை நிறத்திலேயே இருக்கிறது. நடைபாதை நாங்கள் கேட்ட வடிவில் இல்லை.

இந்த வரைபடங்களுக்குப் பலம் உண்டா என்று கேட்பவர்களுக்குத் தாமான் ரிம்பா கியாரா வழக்கைச் சொல்வேன். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள அந்தப் பூங்காவில் அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டமைப்புத் திட்டத்தை மாநகர் மன்றம் இஷ்டம்போல் ஒதுக்கிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் போராடி வாங்கிக் கொடுத்தது அது. நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய பிடிமானம்.

இன்னொன்று. ரயில் பாதை எங்கே போகும் என்பதை உள்ளூர்த் திட்டத்தில் கேட்டுப் பயனில்லை. அது கூட்டரசின் கையில் இருக்கிறது, அதற்குத் தனிப் பார்வைக்காலம் உண்டு. எம்ஆர்டி 3 வட்டப் பாதைக்கு 2024 செப்டம்பர் 2 முதல் டிசம்பர் 2 வரை மக்கள் கருத்துச் சொல்ல முடிந்தது. நில விஷயத்தையும் ரயில் விஷயத்தையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டும் உரிய மேசைக்குப் போகாது.

நடைபாதையை நாங்கள் விடவில்லை. அந்தப் பக்கம் அடுத்து வரும் மேம்பாட்டு அனுமதியில் விளக்கும் கூரையும் சக்கர நாற்காலி போகும் சரிவும் கொண்ட பாதையை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி, கட்டமைப்புத் திட்டத்தின் அந்த 70 விழுக்காட்டுப் பக்கத்தை இணைத்து மறுபடி எழுதியிருக்கிறோம்.