திசு உறைவதற்கு முன்

பெருங்குடல் புற்றுநோயைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையின் (வலிய காந்தப்புலத்தில் மூலக்கூறுகள் தரும் சமிக்ஞைகளை உச்சங்களாக வரையும் முறை) வழியே திசு மாதிரிகளில் கண்டறியும் ஆய்வில் சேர்ந்தபோது, கருவியை இயக்குவதுதான் கடினம் என்று எண்ணியிருந்தேன். கடினமான வேலை அறுவை அரங்கின் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

வெட்டியெடுத்த குடலின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கும், கட்டிக்குத் தொலைவிலுள்ள நலமான சளிச்சவ்விலிருந்து ஒரு துணுக்கும் எங்களுக்குக் கிடைக்கும். அவற்றைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் பாதுகாப்போம். அளவிடும் நாளில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் நறுக்கி, 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோட்டர் என்னும் சிறு சுழல்குழாயில் சிறிது கனநீருடன் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) அடைத்து, காந்தப்புலத்துக்கு 54.7 டிகிரி சாய்வில் விநாடிக்கு 5,000 முறை சுழலவிடுவோம். மாயக் கோணம் என்று இத்துறையினர் சொல்லும் அந்தச் சாய்வும் சுழற்சியும் சேர்ந்துதான், திசுவை அரைக்காமலும் கரைக்காமலும், பரந்து மங்கும் உச்சங்களைக் கூர்மையாக்குகின்றன.

முதல் மாதிரியில் 1.33 பிபிஎம்மில் (நிறமாலையில் உச்சத்தின் இடத்தைக் குறிக்கும் அளவு) லாக்டேட்டின் இரட்டை உச்சம் ஓங்கி நின்றது. குளுக்கோஸ் ஏறக்குறைய இல்லை. புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக லாக்டேட்டாக மாற்றும் என்பதால், புற்றின் அடையாளம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மறுநாள் அளந்த நலமான துணுக்கும் அதையே காட்டியது. பதிவேட்டைப் பார்த்தால், அவை உறைவதற்குள் 40 நிமிடங்கள் கடந்திருந்தன. இரத்த ஓட்டம் நின்ற பிறகும் திசு எஞ்சிய குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதைப் படித்திருந்தும், அதன் வீச்சை அன்றுதான் உணர்ந்தேன். அதன்பின் நைட்ரஜன் குடுவையுடன் நானே வாசலில் காத்திருந்து, இரத்தக் குழாயைக் கட்டிய நேரத்தையும் உறையவைத்த நேரத்தையும் எழுதத் தொடங்கினேன்.

நேரம் சீரானதும் வேறுபாடு தெளிந்தது: 3.2 பிபிஎம் அருகே செல் சவ்வோடு தொடர்புடைய கோலின் சேர்மங்களும், 3.42 அருகே டாரின் என்ற அமினோ அமிலமும் கட்டித் திசுவில் உயர்ந்திருந்தன. ஒரு கட்டி மாதிரி மட்டும் ஒத்துவரவில்லை, அதில் 0.9, 1.3 பிபிஎம்களில் கொழுப்பின் மேடுகளே மற்ற அனைத்தையும் மூடியிருந்தன. ரோட்டரிலிருந்து அந்தத் துணுக்கையே எடுத்து நோயியல் பிரிவுக்கு அனுப்பினோம். நுண்ணோக்கியில் பெரும்பகுதி கொழுப்புத் திசுவாகவும், ஓர் ஓரத்தில் மட்டும் புற்றணுக்களாகவும் தெரிந்தது. அளந்த அதே துணுக்கையே கண்ணாலும் பார்க்க முடிவதுதான், என் மதிப்பில், இந்த முறையின் பெரும் பலம். அன்றிலிருந்து ஒவ்வொரு நிறமாலையின் பக்கத்திலும் புற்றணுக்களின் விழுக்காட்டைக் குறித்த பிறகே அதைக் கணக்கில் சேர்க்கிறோம்.