பெயருக்கு இடம் விட்ட ஓவியங்கள்

அமெரிக்காவில் ஒரு பழம்பொருள் சந்தையில் இரண்டு டாலருக்கு வாங்கிய, 1940களைச் சேர்ந்த கல்லூரிக் கால்பந்து ஆட்டக் கையேடு ஒன்று என் மேசையில் இருக்கிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அது; கையேடு என்றால், ஆட்ட நாளில் ரசிகர்களுக்கு விற்கும் சிறு புத்தகம். நடுவில் நெடுக்காக விழுந்திருக்கும் மடிப்பைப் பார்த்தால், யாரோ அதைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு ஆட்டம் பார்த்திருக்க வேண்டும். அட்டையில் தோல் தலைக்கவசம் அணிந்த வீரன் ஒருவன் பந்தை மார்போடு அணைத்தபடி பாய்கிறான். தூரிகை வண்ணங்களுக்குக் கீழே, அவற்றோடு சற்றும் ஒட்டாத கறுப்பு அச்செழுத்தில், இரு கல்லூரிகளின் பெயர்கள்.

ஒட்டாததற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் ஓவியங்களை மொத்தமாக வண்ணத்தில் அச்சிட்டு, பெயருக்கு மட்டும் இடம் விட்டுப் பல கல்லூரிகளுக்கு விற்பார்கள். நம் ஊர் மாதக்காட்டியில் ஒரே முருகன் படத்தின் கீழ் ஜவுளிக்கடைப் பெயரும் மளிகைக்கடைப் பெயரும் ஏறுவதைப் போலத்தான். லான் கெல்லர் என்ற ஓவியர் ஆயிரக்கணக்கான அட்டைகளை இப்படி வரைந்து தள்ளினார். மலிவான ஏற்பாடுதான், ஆனாலும் அந்த வீரனின் பாய்ச்சலில் உயிர் இருக்கிறது.

அதற்கும் முந்தைய அட்டைகளில் ஆட்டத்தைவிடக் கூட்டமே அழகு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவரொட்டிகளைப் போன்ற தட்டை வண்ணங்களில், கல்லூரிக் கொடியும் செவ்வந்திப் பூவுமாக நிற்கும் பெண்களை வரைந்தார்கள். 1920களில் ரக்கூன் என்ற விலங்கின் தோலாலான மேலங்கி அணிந்த மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் புல்டாக் நாய், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் புலி, கடற்படைக் கல்லூரியின் ஆடு ஆகிய அணிச் சின்னங்கள் கேலிச்சித்திரக்காரர்களுக்குத் தீனி போட்டன. இந்தக் கேலி எப்போதும் களங்கமற்றதாக இருக்கவில்லை: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1972 வரை செவ்விந்தியரையே தன் சின்னமாக வைத்திருந்தது, எதிரணிகளின் அட்டைகளிலும் அந்த உருவம் அடி வாங்கியது. அவற்றை இன்று ரசிக்க என்னால் முடியவில்லை.

பின்னர் ஆஃப்செட் அச்சு வண்ணப் புகைப்படத்தை எளிதாக்கியதும், ஓவியரின் இடத்தைப் படப்பிடிப்பாளர் எடுத்துக்கொண்டார். உண்மையான வீரரின் உண்மையான முகம் அட்டைக்கு வந்தது நியாயமே. ஆனால் ஆட்ட நாளுக்குள் அவருக்கு முழங்கால் பிசகினால், களத்தில் இல்லாதவரின் படத்தைத்தான் ரசிகர் காசு கொடுத்து வாங்குவார். என் கையேட்டின் வீரனுக்கு அந்தக் கவலை இல்லை. உள்ளே வீரர் பட்டியலில்தான் ஒரு பெயரைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் வேறொரு எண்ணை யாரோ எழுதியிருக்கிறார்.