கோழிக்கே 16 மணி நேரம்தான்

நான் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கெழுதுகிறேன். வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்குக் கேபினும் பாடியும் கட்டி, வர்ணம் பூசி, பின்பக்கத்தில் பிள்ளைகளின் பெயரை எழுதி முடிக்கச் சில வாரங்கள் ஆகும். அந்த நாள்களில் வண்டியின் சொந்தக்காரர், பெரும்பாலும் தென்மாவட்டத்துக்காரர், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வருவார். பார்த்து முடித்ததும் என் மேசைக்கு எதிரே அமர்ந்து, டீ வரும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூலியைக் குறைக்கச் சொல்லத்தான் குரலைத் தாழ்த்துகிறார் என்று நான் அஞ்சியதுண்டு. "சார், நம்ம பையனுக்கு இந்த ஊர்ல எந்தப் பள்ளிக்கூடம் நல்லா இருக்கும்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

முட்டைக்கும், லாரிக்கும், கூரையில்லாமல் வெயிலில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயருக்கும் பெயர்பெற்ற எங்கள் ஊர், பள்ளிகளுக்கும் பெயர்பெற்றது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே பார்த்து மருத்துவக் கல்லூரியில் இடம் கொடுத்த காலத்தில், தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு பிள்ளைகள் இங்கே வந்து இறங்கினார்கள். 2017-இல் நீட் வந்தது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் அதே ஆண்டில் நின்றது. ஆனாலும் பேருந்து நிலையத்துக்கு எதிரே வைக்கப்படும் ஃபிளெக்ஸ் பலகைகளின் அளவு குறையவில்லை. முன்பு மூன்று பிள்ளைகளின் முகம் இருந்த இடத்தில் இப்போது முந்நூறு முகங்கள் இருக்கின்றன என்பது மட்டுமே மாற்றம்.

ஆகவே 12 ஆண்டுகளாக நான் அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லி வந்திருக்கிறேன். நான்கு பள்ளிகளின் பெயரை, அதே வரிசையில், அதே நம்பிக்கையோடு சொல்வேன். அவற்றில் ஒன்றின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை என்பதை யாரும் கேட்டதில்லை. கேட்காததை நானாகச் சொல்வது கணக்கெழுதுபவனின் பழக்கமும் அல்ல.

சென்ற ஏப்ரலில் என் மகள் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அவள் படித்தது நர்சரி மற்றும் தொடக்கப் பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. "ஆறாவதுக்கு எங்க சேத்தறது?" என்று என் மனைவி கேட்டபோது, பழக்கதோஷத்தால் நான்கு பெயர்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வண்டிக்காரங்களுக்குச் சொல்றதைச் சொல்லாதீங்க. நம்ம பொண்ணுக்குக் கேக்கறேன்" என்றாள்.

முதலில் பார்க்கப் போனது ஊருக்கு வெளியே, விடுதியோடு கூடிய ஒரு மெட்ரிக் பள்ளி. விடுதியில் சேர்க்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை; வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைகளும் அங்கே உண்டு. உடன் வந்தவர் என் மைத்துனர். அவர் புதுச்சத்திரம் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். கார் அவருடையது என்பதால் கருத்தும் அவருடையதாகவே இருந்தது.

வரவேற்பறைச் சுவரில் விடுதியின் தினசரி அட்டவணையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். காலை 4.45-க்கு எழுதல், 5.15-க்கு முதல் படிப்பு நேரம் என்று தொடங்கி, இரவு 10.30-க்கு விளக்கணைத்தல் என்று முடிந்த அந்தப் பட்டியலை என் மைத்துனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் ஒருமுறை படித்தார். விரல்விட்டு ஏதோ எண்ணினார். அதன்பின், வரவேற்பில் அமர்ந்திருந்த பெண்ணுக்கும் கேட்கும் குரலில், "மாமா, நாங்க கோழிக்கே 16 மணி நேரந்தான் லைட்டுப் போடறோம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்பதால், சூரியன் கொடுப்பது போக மிச்சத்தைப் பண்ணைக்காரர்கள் விளக்குப் போட்டு ஈடுகட்டுவார்கள். அட்டவணைப்படி பிள்ளைகளுக்குக் கிடைத்த வெளிச்சம் ஏறக்குறைய 18 மணி நேரம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அது திரும்பிப் போய்விட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் இத்தகைய பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்று கேலி செய்வது என் மைத்துனருக்குப் பிடிக்காது. கல்வியின் மீதுள்ள மரியாதையால் அல்ல. பிராய்லர் என்பது கறிக்கோழி, அது பல்லடத்துப் பக்கத்துத் தொழில், நாமக்கல்லில் இருப்பது லேயர் என்னும் முட்டைக்கோழி, இரண்டுக்கும் தீவனம் முதல் கூண்டு வரை எல்லாமே வேறு என்பது அவருடைய வாதம். கறிக்கோழியை ஆறு வாரங்களில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்; முட்டைக்கோழியைத்தான் ஓராண்டுக்கு மேல் வைத்து, நாள் தவறாமல் எண்ணிக்கை பார்ப்பார்கள். "பள்ளிக்கூடத்துக்கும் லேயருங்கறதுதான் சரியான பேரு. பேரையாவது ஒழுங்காச் சொல்லச் சொல்லுங்க மாமா" என்று அவர் வருத்தப்படுவார்.

அலுவலகத்தில் கட்டண விவரத்தைக் கொடுத்தார்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு பள்ளிக்கும் தொகையை நிர்ணயிக்க ஒரு குழுவையும் அமைத்தார்கள். அந்தக் குழு நிர்ணயித்த தொகை தாளின் முதல் வரியில் மிகவும் அடக்கமாக இருந்தது. அதற்குக் கீழே புத்தகம், சீருடை, கணினி, யோகா, பேருந்து, நீட் அடிப்படைப் பயிற்சி எனப் பதினோரு வரிகள். பத்து வயதுக் குழந்தைக்கு எதற்கு நீட் என்று கேட்க நினைத்தேன். ஆனால் என் கண் கடைசி வரியில் இருந்த 'இதர' என்பதில் நின்றுவிட்டது. அது என்ன என்று கேட்டேன். ஆடிட்டரை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படியே அந்த எழுத்தர் என்னைப் பார்த்தார். தொழில் முறையில் அவரைப் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

மொத்தம் 1,20,000 ரூபாய். திரும்பும் வழியில் என் மைத்துனர் அதை முட்டையாக மாற்றினார். பண்ணை விலை 5 ரூபாய் என்று வைத்தால் 24,000 முட்டைகள். ஒரு கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுமானால், என் மகளை ஆறாம் வகுப்பில் உட்கார வைக்க 80 கோழிகள் ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டும். தீவனச் செலவு தனி. "பன்னண்டாவது முடிக்கறதுக்குள்ள ஆறு பேட்ச் கோழி மாறிப் போயிருக்கும் மாமா" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. கோழிகளுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

இரண்டாவது, என் மனைவிக்குப் பிடித்த சி.பி.எஸ்.இ. பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்பதால், அங்கே நடப்பதற்குத் தேர்வு என்று பெயரில்லை, கலந்துரையாடல் என்பார்கள். குழந்தையோடு பெற்றோரும் கலந்துரையாட வேண்டும். அதற்காக நான் என் திருமணத்துக்குத் தைத்த கால்சட்டையை அணிய முயன்றதையும், அது முடியாமல் போனதையும் விரிவாக எழுத விரும்பவில்லை.

முதல்வர் அம்மையார் மிகவும் இனிமையாகப் பேசினார். "மாலையில் வீட்டில் குழந்தையோடு ஆங்கிலத்தில் பேசுவது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் ஆங்கிலம் ஒலிப்பது கடன் அட்டை விற்பவர்கள் தொலைபேசியில் அழைக்கும்போது மட்டும்தான். அடுத்து என் மகளிடம் திரும்பி, பெரியவளானதும் என்ன ஆக விரும்புகிறாய் என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று முன்பே கணித்து, 'டாக்டர்' என்ற விடையை என் மனைவி மூன்று நாள்களாகப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தாள்.

"ரிக் டிரைவர்" என்றாள் என் மகள்.

"ரைட்டரா? வெரி குட்" என்றார் முதல்வர்.

"இல்லைங்க மிஸ். ரிக். போர் போடற வண்டி."

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று ஆழ்துளைக் கிணறு போடுவதையும், அந்த வண்டிக்காரர்கள் பார்க்காத மாநிலமே இல்லை என்பதையும் என் பட்டறையில் கேட்டு வைத்திருந்த அவள், முதல்வருக்கு அதைப் பொறுமையாக விளக்கினாள். முதல்வருக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்துவிட்டது. எத்தனை அடி போகும் என்று இரண்டு முறை கேட்டார். வெளியே வந்ததும், "டாக்டர்னு சொல்லச் சொன்னேனே கண்ணு" என்றாள் என் மனைவி. "டாக்டர்னு சொன்னா, எதுக்குன்னு கேப்பாங்க. அதுக்கு நீங்க பதிலே சொல்லித் தரலையே" என்றாள் மகள்.

இடம் கிடைத்தது. ஆனால் பேருந்து எங்கள் தெருவுக்குக் காலை 6.50-க்கு வரும் என்றார்கள். பள்ளி இருப்பது 9 கிலோமீட்டரில். எங்கள் தெருதான் முதல் நிறுத்தம் என்பதால், மற்ற எல்லா ஊர்களிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 31 கிலோமீட்டர் சுற்றிப் போகும். மாலையில் கடைசியாக இறங்குவதும் அவள்தான். ரிக் டிரைவராக விரும்பும் குழந்தைக்கு இது நல்ல பயிற்சி என்று நான் சொன்னதை யாரும் இரசிக்கவில்லை.

இதற்கிடையில் என் மாமனார் தன் வேலையை வீட்டிலிருந்தபடியே நடத்திக்கொண்டிருந்தார். அவர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை உணவு முடிந்ததும் பேத்தியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, எங்கள் காதில் விழும்படி ஆணைகளை ஒப்பிப்பார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, அது 2020-இல் வந்தது. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பாடநூல், சீருடை, பேருந்துப் பயண அட்டை எல்லாம் இலவசம். பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி. மிதிவண்டி என்றதும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். "அப்பா, நீங்களே அரசுப் பள்ளி வாத்தியாருதான. என்னையும் தம்பியையும் மட்டும் எதுக்குங்கப்பா மெட்ரிக்குலேசன் வேன்ல ஏத்தி விட்டீங்க?"

என் மாமனார் செய்தித்தாளை விரித்தார். சற்று நேரம் கழித்து அதன் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்ப ஒதுக்கீடு வரலை சாமி."

மே மாத வெயில் உச்சத்துக்குப் போயிற்று. முடிவு மட்டும் வரவில்லை. பூக்கேட்டுப் பார்க்கலாம் என்றார் என் அம்மா. எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை, பூவைப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். நாமகிரித் தாயார் சன்னதிக்கே போய்விடலாம், இராமானுஜனுக்குக் கனவில் கணக்கைச் சொல்லிக் கொடுத்த தாயாருக்கு இது எம்மாத்திரம் என்றார் அம்மா. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறி, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர் இராமானுஜன் என்று என் மாமனார் நினைவூட்டினார். இன்றைய பள்ளியாக இருந்தால் தேர்ச்சி விகிதம் குறையும் என்று அவரைத் தேர்வெழுதவே விட்டிருப்பார்களா என்பது எனக்கு ஐயம்தான். கடைசியில் தெருமுனைப் பிள்ளையாரே போதும் என்று முடிவாயிற்று.

வெள்ளை அரளி மெட்ரிக் பள்ளிக்கு, சிவப்பு அரளி சி.பி.எஸ்.இ.க்கு, அரசுப் பள்ளிக்கு மூன்றாவது நிறம் தேவைப்பட்டதால் செவ்வந்தி. என் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்துப் பார்த்தால் சிவப்பு. என் மனைவி கும்பிட்டாள். "சிவப்பு அரசுப் பள்ளிக்குத்தானே வெச்சேன்?" என்றார் என் அம்மா. வெள்ளைதான் அரசுப் பள்ளி என்று என் மாமனாருக்கு ஞாபகம். ஏடு போட்டு எழுதி வைக்காதது என் குற்றம் என்று மூவரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

மறுநாள் என் மனைவி, அரசுப் பள்ளியைப் பார்க்காமலே வேண்டாம் என்று சொன்னதாகத் தன் அப்பா பேசக் கூடாது, பார்த்துவிட்டே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள். வீட்டிலிருந்து நடந்து போனால் பன்னிரண்டு நிமிடம். அரை மணி நேரத்தில் திரும்பி வருவாள் என்று நினைத்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெட்ரிக் பள்ளியில் அவளோடு படித்து, அந்த வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கி, ஆண்டு விழாதோறும் பரிசுக் கோப்பையோடு வீட்டுக்குப் போய் என் மனைவியின் பிள்ளைப்பருவத்தைக் கசக்க வைத்த தோழிதான் அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வெழுதி வேலைக்கு வந்தவர். சேர்க்கைப் பணிக்காக வந்து அமர்ந்திருந்தாராம்.

"எங்க செட்டுல முதல் மார்க்கு வாங்குனவ இங்கதாங்க இருக்கறா. அந்தப் பள்ளிக்கூடம் உண்டாக்குனதுலயே உருப்படியானது இங்க வந்து உக்காந்திருக்குது. அப்பறம் எதுக்கு அங்க போயிக்கிட்டு?" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. என் மாமனாருக்குத்தான் மனம் ஆறவில்லை. அரசாணை எண்ணோடு தான் இரண்டு மாதமாக எடுத்து வைத்த வாதங்களில் ஒன்றுகூடச் செல்லுபடியாகாமல், யாரோ ஒருத்தியின் பழைய பரிசுக் கோப்பை வென்றுவிட்டதே என்று அன்று மாலை நடைப்பயிற்சிக்கும் போகவில்லை.

ஜூனில் பள்ளி திறந்து இரண்டாவது வாரத்தில், பரமக்குடியிலிருந்து ஒருவர் தன் பத்துச் சக்கர வண்டிக்குப் பாடி கட்ட வந்தார். பார்த்து முடித்து, எதிரே அமர்ந்து, டீ வந்ததும் குரலைத் தாழ்த்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "உங்க பாப்பாவ எங்க சேத்திருக்கீக சார்?" என்று கேட்டார். 12 ஆண்டுகளில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொன்னேன். கணக்கு ஆசிரியையைப் பற்றியும், பன்னிரண்டு நிமிட நடையைப் பற்றியும்கூடச் சொன்னேன். மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அது சரி சார், அது உங்களுக்கு" என்றார். "நமக்கு நல்ல பள்ளிக்கூடமாப் பாத்துச் சொல்லுங்க."

பழைய நான்கு பெயர்களையும் வரிசை மாறாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.