டர்போ ஸ்விஃப்டுக்குக் கொழும்பில் எவ்வளவு பெற்றோல்?

சுசுகியின் டர்போ காரான ஸ்விஃப்ட் ஆர்எஸ்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் கொழும்பில் அடுத்ததாக வரும் கேள்வி, "பெற்றோல் எப்படிக் குடிக்குது?" என்பதுதான். அக்காவின் கணவர் கேள்விகூடக் கேட்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, "ஹைபிரிட் ஒண்டு எடுத்திருக்கலாமே பிள்ளை" என்றார். டர்போ என்றால் பெற்றோல் குடிக்கும் என்பது இங்கே ஊரறிந்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு இந்தச் சின்ன எஞ்சினுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம்.

என் வண்டி 2018ஆம் ஆண்டு மொடல், ஜப்பானில் ஓடி இங்கே வந்தது. 996 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு கியர் ஒட்டோ. வாங்கிய புதிதில் நகருக்குள் லீற்றருக்கு 9, மிஞ்சினால் 9.5 கிலோமீற்றர். இப்போது அதே வெள்ளவத்தை – ராஜகிரிய ஓட்டத்தில் 12ஐ ஒட்டி நிற்கிறது. காலிக்குப் போனால் 18. ஜப்பானின் ஜேசி08 எரிபொருள் சோதனையில் இந்த மொடல் வாங்கிய எண் 20.0. அது ஆய்வுகூடத்தில் உருளையின் மேல் ஓட்டி எடுத்த எண். பொரளையில் மழை நேரத்தில் எடுத்தது அல்ல.

இந்தக் கணக்கில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்கள் 2022ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபா, ஒக்டேன் 95 லீற்றர் 550 ரூபா. அப்புறம் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் வாரத்துக்கு இவ்வளவுதான் என்ற கட்டுப்பாடு. அந்த வரிசைகளில் இரவு முழுக்கக் கிடந்தவர்களுக்கு ஒரு லீற்றரின் அருமை இன்னும் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025இல் மறுபடி திறந்தாலும், வரியோடு சேர்த்து வரும் விலை நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இருக்கிற வண்டியை ஒழுங்காக வைத்திருப்பதுதான் வழி.

முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும். டாஷ்போர்ட் காட்டும் எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை, அது எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஒரே பெற்றோல் செட், முடிந்தால் ஒரே பம்ப். டாங்க் நிரம்பிக் குழாய் 'டக்' என்று தானாக நின்றதும் அவ்வளவுதான். பெடியன்கள் ரூபாக் கணக்கை ரவுண்ட் ஆக்குவதற்காக இன்னும் கொஞ்சம் அமுக்கப் பார்ப்பார்கள். "தம்பி, காணும், விடுங்கோ" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை நிரப்பும்போது ஏறிய லீற்றரால் ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மை வரும். ஒரு டாங்க் கணக்கை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. மழை, பாடசாலை விடுமுறை, வெசாக் நெரிசல் எல்லாம் எண்ணைப் புரட்டிவிடும்.

சரி, டர்போ என்ன செய்கிறது? மெதுவாக, சீராக ஓடும்போது அது வெறும் ஒரு லீற்றர் எஞ்சின், குறைவாகத்தான் எரிக்கும். மிதித்தால், வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். அது நியாயமான செலவு, அதற்கு இழுவை கிடைக்கிறது. நியாயமில்லாத செலவு சூட்டோடு வருவது. அமுக்கப்பட்ட காற்று, சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் போல, சூடாகும். சூடான காற்றோடு கலந்த பெற்றோல் நேரம் வருமுன் தானாக வெடிக்கப் பார்க்கும். அதைத் தவிர்க்கக் கணினி தீப்பொறியைத் தாமதமாக அடிக்கிறது, அதனால் அதே அளவு பெற்றோலில் கிடைக்கும் வேலை குறைகிறது. இன்னும் மிதித்தால், டர்போவும் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரும் கருகாமல் இருக்கவென்றே தேவைக்கு மேல் பெற்றோலைப் பீய்ச்சும். ஆக, பெற்றோலை வீணாக்குவது தேவையில்லாத நேரத்தில் எழும் அழுத்தமும் சூடும்தான். நான் செய்த எல்லாமே இந்த இரண்டையும் துரத்திப் போனதுதான்.

அழுத்தம் எப்போது எழுகிறது என்பதைப் பார்க்க, ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியை வாசிக்க இருக்கும் ஓபிடி துளையில் ஒரு புளூடூத் கருவியைச் செருகி, ஃபோனில் உள்ளெடுப்புக் காற்றின் அழுத்தத்தை வரவைத்தேன். கடல் மட்டத்தில் வெளிக்காற்று ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். அதற்குக் கீழே இருந்தால் டர்போ சும்மா சுற்றுகிறது, மேலே போனால் வேலை செய்கிறது. ஓட்டிக்கொண்டே ஃபோனைப் பார்க்கக் கூடாது என்பதால் மகளைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொன்னேன். ராஜகிரிய மேம்பாலம்தான் பரிசோதனைக் களம். பாலத்தின் அடியில் வந்து, ஏற்றம் தொடங்கியபின் மிதித்தபோது, "நூற்றிருபது, நூற்றி நாற்பது, நூற்றைம்பது அம்மா!" என்று கத்தினாள். ஏற்றத்துக்கு முன்னாலேயே 50க்குக் கொண்டுவந்து, காலை அசைக்காமல் ஏறியபோது 95ஐத் தாண்டவில்லை. பாலத்தின் உச்சியில் வேகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பின்னால் வந்த பஸ்ஸுக்குக்கூட அது பிடிபட்டிருக்காது. பாலம் முடியும் இடத்தில் இரண்டு முறையும் அதே சிவப்பு லைட்.

அதற்காகப் பூனை நடை நடக்கச் சொல்லவில்லை. இந்த எஞ்சின் தன் முழு இழுவையான 150 நியூட்டன் மீற்றரை நிமிடத்துக்கு 1700 சுற்றிலேயே தந்துவிடுகிறது, 4500 வரைக்கும் அப்படியே பிடித்திருக்கிறது. ஆகவே 2000 சுற்றை ஒட்டி மிதமாக மிதித்து, கியர் வேகமாக மேலே போக விட்டு, 50ஐத் தொட்டதும் காலைத் தளர்த்துவதுதான் நல்லது. நீண்ட நேரம் இரண்டாம் மூன்றாம் கியரில் ஊர்ந்தால் சேமிப்பு ஒன்றும் இல்லை. மறுபக்கமும் உண்டு. ஸ்டியரிங்கில் இருக்கும் பாடில் ஷிஃப்டால் உயர்ந்த கியரைப் பிடித்து வைத்துக்கொண்டு 1300 சுற்றில் ஆழ மிதிப்பவர்கள் பெற்றோல் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார்கள். பெற்றோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இது போன்ற டர்போ எஞ்சின்களில் அந்தக் குறைந்த சுற்றும் கூடிய சுமையும் சேர்ந்த இடத்தில்தான் தீப்பொறிக்கு முன்னரே வெடிக்கும் ஆபத்து கூட. பிஸ்டனே உடையலாம்.

காலை எடுப்பது மிதிப்பதைவிடப் பெரிய கலை. கியரில் இருக்கும்போது அக்சிலரேற்றரை முழுதாக விட்டால் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். அந்த நேரத்தில் செலவு பூச்சியம். நியூட்ரலில் போட்டு உருட்டுபவர்கள் இதை இழக்கிறார்கள், எஞ்சின் உயிரோடு இருக்கவே பெற்றோல் வேண்டும், பாதுகாப்பும் இல்லை. பேஸ்லைன் வீதியில் கிருலப்பனையிலிருந்து பொரளை வரை கலர் லைட்டுகள் வரிசையாக வருகின்றன. தூரத்தில் சிவப்பைக் கண்டதும் காலை எடுத்துவிடுவேன். பக்கத்து வண்டி சீறிக்கொண்டு முன்னே போய் அதே லைட்டில் நிற்கும்.

ஆனாலும் மிகப் பெரிய மாற்றம் என் காலால் வந்ததல்ல. ஓபிடியில் அழுத்தத்துக்குப் பக்கத்தில் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட்டின் வெப்பநிலையும் ஓடிக்கொண்டிருந்தது. நெரிசலில் நின்றால் 80க்கு மேல் ஏறும். வீதி விட்டுக்கொடுத்து வண்டி ஓடத் தொடங்கினால் 65க்கு இறங்கிவிடும். நன்றாக இருக்கும் எஞ்சினில் அப்படி இறங்காது. கொட்டாஞ்சேனையில் வழக்கமாகப் போகும் கராஜில் காட்டினேன். அங்கே வேலை செய்யும் தம்பி, எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேற்றருக்கு விடாமல் பிடிக்கும் தேர்மோஸ்டாட்டின் மூடியில் இரண்டு போல்ட்டையும் கழற்றி, விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அக்கா, உள்ளுக்கு ஒண்டும் இல்ல. ஆரோ தேர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிட்டாங்க." வெறும் கஸ்கெட் மட்டும் போட்டு மூடியிருந்தது.

இது நம்ம ஊரில் புதிதல்ல. "இந்த நாட்டு வெயிலுக்குத் தேர்மோஸ்டாட் எதுக்கு, இருந்தா எஞ்சின் சூடாகும்" என்று சொல்லிக் கழற்றிவிடும் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். எஞ்சின் தன் சூட்டுக்கு வராதவரை கணினி அதைக் குளிர்ந்த எஞ்சினாகவே நடத்தும், கலவையில் பெற்றோலைக் கூட்டும். பல ஒட்டோ கியர்பெட்டிகள் கூலன்ட் சூடாகும்வரை, எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டோர்க் கொன்வேர்ட்டரை லொக் செய்யாது, அது இன்னொரு இழப்பு. சரியாக எரியாத பெற்றோல் ஒயிலில் கலந்து ஒயிலையும் கெடுக்கும். அதுவும் என் ஓட்டம் போலக் குறுகிய ஓட்டங்களில். பஞ்சிகாவத்தையில் சரியான பாகம் வாங்கிப் போட்டோம். அந்த ஒரு வேலையில்தான் எண் 10ஐத் தாண்டியது. பழைய வண்டி வாங்கியவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை ஒருமுறை பாருங்கள்.

அன்றைக்கே தம்பி முன் பம்பருக்குள் டோர்ச் அடித்து இன்டர்கூலரையும் காட்டினார். அமுக்கிய காற்றை ஆற்றுவது அதன் வேலை. மெல்லிய தகடுகளுக்கு நடுவே தூசியும் பூச்சியும் வேப்பஞ்சருகும் அப்பியிருந்தன. கூடிய அழுத்தத் தண்ணீர் அடித்தால் தகடு மடிந்துவிடும், அதனால் குழாய்த் தண்ணீரும் மெல்லிய பிரஷும்தான். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்து, சுற்றிலும் ஒயில் கசிந்த கறை. அங்கே காற்று ஒழுகினால் அதே இழுவைக்கு டர்போ கூடப் பாடுபட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகல், முடிந்தது.

92ஆ 95ஆ என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டிலும் நடக்கும். ஜப்பானின் தரநிர்ணயப்படி சாதாரணப் பெற்றோலுக்கு வேண்டிய ஆகக்குறைந்த ஒக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு, 89. என் வண்டி அந்தச் சாதாரணப் பெற்றோலுக்கே செய்யப்பட்டது, ஆகவே 92 தாராளம். ஐரோப்பிய டர்போக்கள், உதாரணமாக போலோ டிஎஸ்ஐ, 95 கேட்டுச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு 92 அடித்தால் தீப்பொறி பின்வாங்கும், லீற்றருக்கு மிச்சம் பிடித்த ரூபா கிலோமீற்றரில் போய்விடும். பெற்றோல் மூடியின் உட்புறத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். 95 போட்டுப் பார்த்தேன், என் கொப்பியில் விலை வித்தியாசத்தை ஈடுசெய்யும் அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏசியை விட்டுவிடச் சொல்லும் ஆலோசனை கொழும்புக்குச் சரிவராது. வெயிலில் நின்ற வண்டியின் கண்ணாடிகளை இறக்கிச் சந்தி தாண்டும்வரை ஓட்டி, சூட்டை வெளியே தள்ளிவிட்டுப் போட்டால் கொம்பிரசருக்குச் சுமை குறையும். வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான் பெரிய செலவு. "டர்போவை ஆறவிட வேண்டும்" என்று ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன். ஊருக்குள் மெதுவாக ஓடி வந்த எஞ்சினுக்கு அது தேவையில்லை. அதிவேக நெடுஞ்சாலையில் இழுத்து ஓடிவிட்டு உடனே ஓய்விடத்தில் நிறுத்தினால்தான் சற்று விட வேண்டும், அதுவும் கடைசிக் கிலோமீற்றரை மெதுவாக ஓட்டினாலே போதும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. மரைன் டிரைவ் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் பிரேக் கலிப்பரின் பின்கள் இறுகும், பிரேக் முழுதாக விடாது. ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடச் சுட்டால் அங்கே பெற்றோல் சூடாகிப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இடது பின் சக்கரம் அப்படி இருந்தது. ரயர் காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன், கதவு நிலையில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடித்துக்கொள்வேன்.

தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 100 போகலாம். நான் பெரும்பாலும் 85 போகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, 80இல் இருப்பதைவிட 100இல் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். டர்போ அழுத்தமும் 85இல் எழுவதில்லை. காலிக்குப் போய்ச் சேர எடுக்கும் கூடுதல் நேரம் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்தான் என்று அத்தானுக்குச் சொல்லிப் பார்த்தேன், அவர் இன்னும் 100இல்தான் போகிறார்.

ஒயிலில் மலிவு பார்ப்பதில்லை. போத்தலில் ஏபிஐ எஸ்பி என்று இருக்க வேண்டும். 2020இல் வந்த இந்தத் தரம், மேலே சொன்ன முன்வெடிப்பைத் தடுக்கும் சோதனையையும் தாண்டியது. பிளக்குகளும் அவற்றின் இடைவெளியும் கையேட்டில் உள்ளபடி. இனி மிச்சம் இருப்பது உள்ளெடுப்பு வால்வுகள்தான். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினில் பெற்றோல் வால்வின் முதுகைக் கழுவுவதில்லை, அதனால் அங்கே கரி படியும். கொட்டாஞ்சேனைத் தம்பியிடம் கமெரா விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வருகிற மாத சேர்விஸில் பார்ப்பதாகச் சொன்னார்.