மட்டையில் ஒரு எஃப்-117: ஐந்தாம் வாரம்

ரேடாரில் எளிதில் சிக்காத அமெரிக்கப் போர் விமானம் எஃப்-117ஐக் காகித மட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். தலவாக்கலையில் மூன்று வாரமாகச் சரியான வெயில் இல்லை. பசை காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தே நாள் போகிறது. ஆனாலும் இந்த வாரம் உடல், இரண்டு இறக்கைகள், வால் துடுப்புகள் எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டன. அளவு 1/48. நிஜ விமானம் 20 மீட்டர் நீளம், என்னுடையது 42 சென்டிமீட்டர்.

மட்டைக்கு இதைவிடத் தோதான விமானம் கிடையாது. எல்லாமே தட்டை முகங்கள். 1970களின் கணினிகளால் ரேடார் அலை எப்படித் தெறிக்கும் என்று தட்டை முகங்களுக்குத்தான் கணக்குப் போட முடிந்தது. அதனால் வந்த உருவம் இது. அந்தக் கணக்குக்கு வழிகாட்டியது சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்செவ் 1962இல் வெளியிட்ட ஆய்வு.

செவ்வாய் இரவு கரண்ட் போனது. அதுவே வசதி. தேயிலைப் பையின் உட்பக்க அலுமினியத் தாளை ஒட்டியிருந்த மாடலை மேசையில் வைத்து, டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தேன். டோர்ச் வெளிச்சம்தான் ரேடார் அலை, திரும்பி வருவதைப் பார்க்கும் ரேடார் என் கண். அதே தாள் சுற்றிய போத்தலை எப்படித் திருப்பினாலும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. விமானமோ இருட்டாகவே நின்றது. வெளிச்சமெல்லாம் கூரைக்கும் சுவருக்கும் போய்விட்டது. மெல்லத் திருப்பும்போது ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் சுள்ளென்று ஒரு பளிச்சு. அரைமணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் கவனித்தேன், இடது இறக்கையில் ஒரு புள்ளி விடாமல் மின்னியது. தாளின் ஓரம் நகக்கண் அளவு தூக்கியிருந்தது. இதற்கு முன்னோடியான ஹேவ் புளூ சோதனை விமானத்திலும் இதே கதைதான்: சரியாக இறுகாத மூன்று திருகாணிகள் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை, ரேடாரில் அது பளிச்சென்று தெரிந்துவிட்டது.

ரேடாருக்குச் சிக்காத விமானங்களில் செலவு எங்கே போகிறது என்று இப்போதுதான் கைக்குப் புரிகிறது. உருவத்தை வெட்டி ஒட்டிவிடலாம். தோலைக் காப்பாற்றுவதுதான் பாடு. இதே வகை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-2 மொத்தம் 21 தான் கட்டினார்கள். ஆராய்ச்சிச் செலவும் சேர்த்தால் ஒன்று 200 கோடி டாலருக்கு மேல். அலையை விழுங்கும் அதன் பூச்சு கெடாமலிருக்கக் குளிரூட்டிய கொட்டகை வேண்டும். 2008 பெப்ரவரியில் குவாமில் ஒரு பி-2 மேலெழும்பும்போதே விழுந்து எரிந்தது. காற்றழுத்த உணரிகளுக்குள் ஈரம் புகுந்து, கணினிக்குத் தப்பான அளவு போனதுதான் காரணம். விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள்.

ஈரம் என்னையும் விடவில்லை. கறுப்புப் பெயின்ட் இரண்டு நாளாகியும் பிசுபிசுத்ததால் அடுப்புக்கு மேலே கயிற்றில் கட்டினேன். "நெருப்புக்குக் கிட்ட வைக்காத தம்பி, வளைஞ்சிரும்" என்று அம்மா சொன்னார். வலது இறக்கை நுனி 4 மில்லிமீட்டர் வளைந்துவிட்டது. டோர்ச் அடித்தால் அந்த வளைவு எல்லாக் கோணத்திலும் தெரிகிறது.

புது இறக்கைக்கு மட்டை வெட்டியாகிவிட்டது. இந்த முறை ஒட்டுவதற்கு முன்பே பெயின்ட் அடித்து, அரிசி போட்ட டின்னுக்குள் மூடி வைக்கப்போகிறேன்.