துருத்தி கிழிந்த தவணை

பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி பழைய மாணவர் சங்கத்தார் கேட்டார்கள். மைதானத்தைப் பற்றியும் அதிபரைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். நான் நமது சிற்றாலயத்தில் இருந்த ஆர்கனைப் பற்றி எழுதுகிறேன். நான்கு வருடம் அதை வாசித்தவன் நான்.

காலால் மிதித்து வாசிக்கும் சிறிய ஆர்கன் அது. இரண்டு காலும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே துருத்தியில் காற்று நிற்கும். கொஞ்சம் சுணங்கினாலும் பாட்டு நடுவில் தொய்ந்துவிடும். அதன் மேல்விளிம்புக்கு மேலால் பார்த்தால் எல்லா வரிசைகளும் தெரியும். அப்படிப் பார்த்தபோதுதான் மூன்றாவது வரிசையில் ஒருவன் வாயைத் திறக்காமல் நிற்பதைக் கவனித்தேன். என் வகுப்புத் தோழன்தான். பாட்டுப் புத்தகம் கையில் விரித்தபடி இருக்கும், கண் வரிகளின் மேல் ஓடும், உதடு மட்டும் அசையாது. ஜெபத்துக்கு எல்லோரையும்விட உரக்க ஆமென் சொல்லுவான்.

என் வாசிப்பு பிடிக்காமல்தான் அப்படி நிற்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் இரவு விடுதியில் கேட்டேவிட்டேன்.

“உன் வாசிப்பில் ஒன்றும் பிழையில்லைடா. நாங்கள் கிறிஸ்துவின் சபை. எங்களிடம் வாத்தியம் இல்லை. புதிய ஏற்பாட்டில் பாடச் சொல்லியிருக்கிறது, வாசிக்கச் சொல்லவில்லை. சொல்லாததை ஆராதனையில் சேர்க்க எங்களுக்குப் பயம்” என்றான்.

நான் பழைய ஏற்பாட்டின் 150ஆம் சங்கீதத்தைத் திறந்து காட்டினேன். எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம் என்று ஒன்றும் விடாமல் அதில் இருக்கிறதே! அவன் நிதானமாகச் சொன்னான்: “அது எருசலேம் ஆலயத்துக் காரியம். அதே ஆலயத்தில் ஆட்டையும் பலியிட்டார்கள். அதையும் கொண்டுவருவாயா?” எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த இரவு புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் சுரமண்டலங்கள் இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு போனேன். “அது பரலோகம். அங்கே போனதும் நானும் பாடுகிறேன்” என்றான். பல இரவுகள் இப்படியே போயின. கோபத்தில் ஒருநாள், அவனுக்குப் பாடவே வராது, அதை மறைக்கத்தான் சபையைச் சாட்டுச் சொல்கிறான் என்று மற்றவர்களிடம் சொன்னேன். அது அவன் காதுக்கும் போனது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்.

அப்புறம் ஒரு பள்ளித் தவணையின் தொடக்கத்தில் ஆர்கனின் துருத்தி கிழிந்தது. பழுது பார்க்க நாளாகும் என்றார்கள். பாட்டு மாஸ்டர் காத்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு இசைக்கவையை, தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் கவட்டைக் கம்பியை, எடுத்து முழங்காலில் தட்டி, காதருகே பிடித்து, மெல்ல முனகி எங்களுக்குச் சுருதி தந்தார். (லண்டனில் எக்காளம் ஊதிய ஜான் ஷோர் என்பவர் 1711இல் உருவாக்கிய கருவி அது. அந்தச் சின்ன இரும்புத் துண்டு எத்தனை சபைகளுக்குச் சுருதி கொடுத்திருக்கிறது!)

முதல் நாள் பரிதாபம். நான்காவது சரணம் முடிந்ததும் அவர் கவையை மறுபடி தட்டினார். நாங்கள் நின்ற இடமும் கவை சொன்ன இடமும் வேறு வேறு. ஏறக்குறைய ஒரு முழுச் சுரம் கீழே இறங்கிவிட்டிருந்தோம். துணையில்லாமல் பாடும் எந்தக் குழுவுக்கும் இந்தச் சரிவு வரும். ஏறும்போது அடியைச் சிறிதாக வைப்போம், இறங்கும்போது தாராளமாக வைப்போம், மூச்சு தளரும். ஆர்கன் இருந்தவரை அது எங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் சரிவது எங்களுக்கே தெரியாமல் இருந்தது.

“தம்பிமார், எல்லோரும் பாடுகிறீர்கள், ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்பவனின் குரல் உன் காதில் விழ வேண்டும். விழவில்லையென்றால் நீ சத்தம் கூட்டிவிட்டாய்” என்றார் மாஸ்டர்.

அந்தக் காலையில்தான் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கீழ்க்குரல் வந்தது. தடிப்பான, அசையாத குரல். அவன்தான். சிறு வயதிலிருந்தே தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று நாலு குரலில் பாடி வளர்ந்தவன். எங்கள் மெட்டுக்குக் கீழே அவன் தன் பாகத்தைப் போட்டதும் சரிவு நின்றது. அடுத்த வாரம் அவனைச் சுற்றி ஐந்தாறு பேர் கீழ்க்குரலுக்குச் சேர்ந்துகொண்டார்கள். ஆர்கன் இல்லாததால் நானும் வரிசையில் நின்றேன், அவனுக்கு இடப்பக்கத்தில். நான்கு வருடத்தில் அன்றுதான் முதன்முதலாக ஆராதனையில் இன்னொருவரின் குரலைக் கேட்டுக்கொண்டே பாடினேன்.

பிற்காலத்தில் இதைப் பற்றி நிறைய வாசித்தேன். எங்கள் விடுதிச் சண்டை எவ்வளவு பழையது என்று அப்போதுதான் தெரிந்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் இன்றுவரை மனிதக் குரலால் மட்டும் ஆராதிக்கின்றன. ஆனால் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் முரசு இருக்கிறது. வாத்தியமில்லாப் பாட்டுக்கு இத்தாலியரின் ‘அ கப்பெல்லா’ என்ற பெயருக்குச் சிற்றாலயத்து முறையில் என்பதுதான் பொருள். சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் திருச்சபைச் சீர்திருத்தவாதி ஸ்விங்ளி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர், ஆனாலும் அவருடைய சீர்திருத்தத்தில் 1527இல் அங்கிருந்த பெரிய ஆலயத்தின் ஆர்கனை உடைத்து அகற்றினார்கள். ஜெனீவாவில் இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் சபை சங்கீதங்களை ஒரே குரலில், துணையின்றிப் பாடியது. லண்டனில் பிரசங்கியார் ஸ்பர்ஜனின் காலத்தில் அவருடைய பெரிய ஆலயத்திலும் ஆர்கன் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பாடினார்கள்.

என்னை அதிகம் தொட்டது அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் மிட்வே ஊர்க் கதை. 1860ஐ ஒட்டி அங்கே ஒரு சபையில் மெலோடியன் வைத்தார்கள். நமது ஆர்கனைப் போல மிதித்து வாசிக்கும் சிறு பெட்டிதான். இப்படித் தொடங்கிய சச்சரவும் வேறு சில காரணங்களும் சேர்ந்து பிளவாகி, 1906ஆம் ஆண்டு அமெரிக்கச் சமயக் கணக்கெடுப்பில் கிறிஸ்துவின் சபைகள் தனிப் பிரிவாகப் பதிவாயின. ஸ்காட்லாந்தின் சுயாதீன சபையோ நெடுங்காலம் சங்கீதங்களை மட்டும் வாத்தியமின்றிப் பாடி வந்து, 2010இல்தான் விரும்பும் சபைகளுக்கு வாத்தியத்தையும் மற்றப் பாட்டுகளையும் அனுமதித்தது.

வாத்தியம் பாவம் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. புதிய ஏற்பாட்டில் எபேசியர் 5:19இல் வரும் கிரேக்கச் சொல் முதலில் நரம்பை மீட்டுவதைக் குறித்தது, பிறகு பாடுவதைக் குறித்தது. அந்த ஒரு சொல்லை வைத்து இரு பக்கமும் வழக்காடலாம், வழக்காடியும் இருக்கிறார்கள். ஆனால் அதே வசனம் ஒருவரோடொருவர் என்று சொல்கிறதே, அதைப் பற்றி வழக்கே இல்லை. இப்போது நான் போகும் சபையில் ஒலிபெருக்கியின் இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்பதில்லை, பக்கத்தில் நிற்பவரின் குரலுக்கு எங்கே போவது? கீபோர்டு வாசிப்பவன் நான்தான். சத்தத்தைக் குறையுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டு வருகிறேன். இனியும் கேட்பேன்.

சரி, ஆர்கனுக்கு வருகிறேன். அடுத்த தவணை அதைத் திருத்திக் கொண்டுவந்து வைத்தார்கள். புதுத் துருத்தி, நல்ல காற்று. முதல் ஆராதனையில் நான் வாசிக்கத் தொடங்கியதும் மூன்றாவது வரிசையில் அந்த உதடுகள் மறுபடி மூடிக்கொண்டன. அவனைச் சுற்றி நின்ற கீழ்க்குரல்காரர்கள் தடுமாறினார்கள். மாஸ்டர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, “நாளையிலிருந்து கடைசிச் சரணத்துக்குக் கையை எடுத்துவிடு தம்பி” என்றார்.

மறுநாள் கடைசிச் சரணத்தில் கையை மடியில் வைத்தேன், காலை நிறுத்தினேன். துருத்தியில் மிச்சமிருந்த காற்று உஸ்ஸென்று இறங்கியது. ஆர்கனுக்கு மேலால் பார்த்தேன். அவன் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.