நான்காம் கூண்டு

சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினைக் குறைந்த அளவில் போட்டு இரண்டாம் நாள். நான்காம் கூண்டு எலியின் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) இயல்பாகவே இருந்தது.

சரி, தப்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. கிம்-1 என்ற புரதம் எகிறியிருந்தது.

நல்ல சிறுநீரகத்தில் இந்தப் புரதம் கிட்டத்தட்ட இருக்காது. நுண்குழல் செல்கள் அடிபட்டால்தான் அதை உருவாக்கும். அதன் வெளிப்பகுதி அறுந்து சிறுநீரோடு வந்துவிடும்.

கிரியாட்டினினோ வடிகட்டும் திறன் பாதி போகும்வரைகூட வாய் திறக்காது. (தூங்குமூஞ்சிக் காவலாளி!)

எலி ஆய்வுகளுக்கென 2008இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்றுக்கொண்ட சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் 7 சிறுநீர்க் குறியீடுகளில் கிம்-1உம் ஒன்று. சும்மா இல்லை.

மாலையில் மறுபடி கூண்டருகே போனேன்.

எதுவும் நடக்காததுபோல மீசையை நீவிக்கொண்டிருந்தது.